கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் மட்டும் தெரிந்த எண்

2018 ஏப்ரலில் ஒரு பத்திரிகையாளர் பாரத ஸ்டேட் வங்கிக்குப் போய், ஆயிரம் ரூபாய் மதிப்பில் இரண்டு தேர்தல் பத்திரங்கள், அதாவது கட்சிக்கு நன்கொடை கொடுப்பதற்காக வங்கியில் வாங்கும் தாள்கள், வாங்கினார். கையில் கிடைத்தது ஒரு தாள், அவ்வளவுதான். வாங்கியவர் பெயர் அதில் இல்லை. எந்தக் கட்சிக்குப் போகிறது என்ற குறிப்பும் இல்லை. அதைத் தடயவியல் ஆய்வகத்துக்குக் கொடுத்தார். புற ஊதா விளக்கின் அடியில் வைத்ததும் வலது மேல் மூலையில் ஒரு எண் தெரிந்தது. எழுத்தும் இலக்கமும் கலந்த எண், ஒவ்வொரு தாளுக்கும் வேறு வேறு.

செய்தி வெளியானதும் நிதி அமைச்சகம் விளக்கம் கொடுத்தது: அது போலிகளைத் தடுப்பதற்கான பாதுகாப்புக் குறி, வங்கி அதை வாங்கியவர் பெயரோடு சேர்த்து எழுதி வைப்பதில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச் 21 அன்று, உச்ச நீதிமன்றம் விடாமல் கேட்ட பிறகு அதே வங்கி இரண்டு பட்டியல்களை ஒப்படைத்தது. ஒன்றில் பத்திரம் வாங்கியவர்கள், இன்னொன்றில் அதைப் பணமாக்கிய கட்சிகள். இரண்டிலும் அந்த எண்கள் இருந்தன. இந்த எண்ணையும் அந்த எண்ணையும் பொருத்திப் பார்த்தால் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று தெரிந்துவிடும். பொருத்திப் பார்க்க நீண்ட காலம் ஆகும், ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்று வங்கி நீதிமன்றத்தில் கேட்டிருந்தது. பட்டியல் வந்த அன்றிரவே பத்திரிகையாளர்கள் பொருத்தத் தொடங்கி, மறுநாளே செய்திகள் வரத் தொடங்கின.

கம்பெனிப் பணம் அரசியலில் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு இந்த எண்ணைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. பணம் கொடுப்பது எல்லா நாட்டிலும் நடக்கிறது. கட்சி நடத்தக் காசு வேண்டும், யாராவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொடுத்தது யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கொடுக்கும் நிறுவனத்துக்குத் தெரியும். வாங்கும் கட்சிக்கும் தெரியும், தாளைக் கொண்டுவந்து கொடுப்பவர் பெயர் சொல்லாமலா கொடுப்பார்? ஓட்டுப் போடுகிறவருக்கு மட்டும் தெரியாது. ரகசியம் என்று சொன்னது முழுக்க நம்மிடமிருந்து மறைக்கத்தான்.

இது தேர்தல் பத்திரம் அறிவிக்கப்பட்ட 2017ல் தொடங்கிய கதை இல்லை. 1957ல் டாடா இரும்பு எஃகு நிறுவனம், அரசியல் கட்சிகளுக்குப் பணம் கொடுக்கத் தன் அமைப்பு விதிகளில் இடம் வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா சட்டப்படி அனுமதி கொடுத்தார். ஆனால் தயக்கத்தோடு கொடுத்தார். இளம் ஜனநாயகத்தில் பெரிய நிறுவனங்களின் பணம் கட்சிகளுக்குள் பாய்வது ஆபத்தானது, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்று தீர்ப்பிலேயே எழுதினார். நாடாளுமன்றம் 1960ல் கவனித்தது: உச்சவரம்பு வைத்தது. 1969ல் இந்திரா காந்தி அரசு ஒரேயடியாகத் தடை செய்தது. தடை செய்த பிறகு பணம் நின்றதா என்றால் இல்லை, கணக்கில் வராத பணமாக மாறியது. 'பிரீஃப்கேஸ் அரசியல்' என்ற பேச்சு புழங்கிய காலம் அது. 1985ல் ராஜீவ் காந்தி அரசு தடையை நீக்கி, லாபத்தில் 5 சதவீதம் வரை கொடுக்கலாம் என்றது. 2013ன் நிறுவனச் சட்டம் அதை, முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் ஆக்கியது.

அந்த 7.5க்கு ஒரு அர்த்தம் இருந்தது. லாபம் சம்பாதிக்கும் நிறுவனம்தான் கொடுக்க முடியும். அதுவும் லாபத்தில் ஒரு சிறு பங்குதான். யாருக்குக் கொடுத்தோம் என்று ஆண்டுக் கணக்கில் எழுதவும் வேண்டும். பங்கு வாங்கிய சாதாரண முதலீட்டாளர்கூட அதைப் புரட்டிப் பார்க்கலாம்.

2017 பட்ஜெட்டில் நிதி அமைச்சர் அருண் ஜேட்லி தேர்தல் பத்திரத்தை அறிவித்தார். கறுப்புப் பணத்தை ஒழிப்பதற்கு, ரொக்கத்துக்குப் பதில் வங்கி வழியாகக் கொடுப்பதற்கு என்று காரணம் சொல்லப்பட்டது. நிதிச் சட்டத்தின் வழியாக நான்கு சட்டங்களில் கை வைத்தார்கள். ரிசர்வ் வங்கிச் சட்டம், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வருமான வரிச் சட்டம், நிறுவனச் சட்டம். அந்த 7.5 சதவீத வரம்பு போயிற்று. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று எழுத வேண்டிய கட்டாயமும் போயிற்று. நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று ஆனது. என்னைக் கேட்டால், பத்திரத்தைவிடப் பெரிய மாற்றம் இதுதான். லாபமே இல்லாத கம்பெனி நூறு கோடி கொடுக்கிறது என்றால் அது யாருடைய பணம் என்று கேட்கத் தோன்றும் அல்லவா? லெட்டர்பேடு கம்பெனி ஒன்றைத் தொடங்கி அதன் பெயரில் வேறு யாரோ கொடுப்பதற்கு வழி திறந்துவிட்டது.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. பட்ஜெட்டுக்கு இரண்டு நாள் முன்பே, ஜனவரி 30 அன்று, ரிசர்வ் வங்கி ஆட்சேபித்தது. கைமாறிக்கொண்டே போகக்கூடிய தாள் இது, நடுவில் யார் கையில் இருந்தது என்று தெரியாது, பணமோசடிக்கு வழி செய்யும் என்பது அதன் வாதம். அறிவுரை தாமதமாக வந்தது, மசோதா அச்சாகிவிட்டது என்ற ரீதியில் நிதி அமைச்சகத்தின் பதில் இருந்தது. மே 26 அன்று தேர்தல் ஆணையம் சட்ட அமைச்சகத்துக்கு எழுதிய கடிதத்தில், வெளிப்படைத்தன்மையைப் பொறுத்தவரை இது பின்னோக்கிய நடவடிக்கை என்று எழுதியது. இந்தக் கடிதப் போக்குவரத்தெல்லாம் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் விடாமல் மனு போட்டதால்தான் நமக்குத் தெரிய வந்தது. ஒரு தனி மனிதரின் பொறுமைக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

திட்டம் 2018 ஜனவரி 2 அன்று அறிவிக்கையாக வந்தது. ஆயிரம், பத்தாயிரம், ஒரு லட்சம், பத்து லட்சம், ஒரு கோடி என்று ஐந்து மதிப்பில் பத்திரங்கள் நாசிக்கில் அச்சாகின. பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைகளில் மட்டும் விற்பனை. ஆண்டில் நான்கு மாதங்கள், மாதத்துக்குப் பத்து நாள். வாங்கிய 15 நாளுக்குள் கட்சி தன் கணக்கில் போட வேண்டும், தவறினால் பிரதமர் நிவாரண நிதிக்குப் போய்விடும். அச்சுக்கூலியும் வங்கியின் கமிஷனும் அரசுக் கஜானாவிலிருந்து. சாதாரண ஜனங்களும் ஆயிரம் ரூபாயில் கட்சிக்கு உதவலாம் என்று சொன்னார்கள். நடந்தது என்ன? விற்ற மொத்தத் தொகையில் 94 சதவீதத்துக்கும் மேல் ஒரு கோடி ரூபாய் தாள்களாகப் போனது. 2018 மார்ச்சிலிருந்து 2024 ஜனவரி வரை விற்ற பத்திரங்களின் மதிப்பு சுமார் 16,518 கோடி ரூபாய்.

உச்ச நீதிமன்றத்தில் வழக்கு ஆண்டுக்கணக்கில் கிடந்தது. மனு போட்டவர்கள் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம், காமன் காஸ் அமைப்பு, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி உள்ளிட்டோர். பத்திரமே வாங்குவதில்லை என்று கொள்கை முடிவெடுத்திருந்த கட்சி அது. 2023 அக்டோபரில், இறுதி விசாரணைக்கு முன், கட்சிகளின் பணம் எங்கிருந்து வருகிறது என்று அறிய மக்களுக்குப் பொதுவான உரிமை எதுவும் இல்லை என்று அரசின் தலைமை வழக்கறிஞர் நீதிமன்றத்தில் எழுத்துமூலம் சொன்னார். அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை. நன்கொடையாளரின் அந்தரங்கம் முக்கியம், எதிர்க்கட்சிக்குக் கொடுத்தவரை ஆளுங்கட்சி பழிவாங்கக் கூடாது என்பது அரசின் வாதம். இந்தப் பயம் உண்மையான பயம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பத்திரத்தை விற்ற வங்கி அரசு வங்கி. விசாரணை அமைப்புகள் கேட்டால் விவரத்தைக் கொடுக்க வேண்டும் என்று திட்டத்திலேயே இருந்தது. பழிவாங்கக்கூடிய இடத்தில் இருப்பவருக்குத் தெரிந்துகொள்ள வழி இருந்தது, ஓட்டுப் போடுகிறவருக்கு இல்லை.

2024 பிப்ரவரி 15 அன்று தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் திட்டத்தை ரத்து செய்தார்கள். வாக்காளரின் தகவல் அறியும் உரிமையைப் பறிக்கிறது, கம்பெனிகளுக்கு வரம்பே இல்லாமல் செய்தது தன்னிச்சையானது என்று தீர்ப்பு சொன்னது.

பட்டியல் வந்தபோது முதலிடத்தில் இருந்தது கோவையைச் சேர்ந்த லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங். 1,368 கோடி. நாட்டின் பெரிய தொழில் குழுமங்களின் பெயர்களை எதிர்பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். இரண்டாவது, அரசு ஒப்பந்தங்களில் பாசனத் திட்டங்களும் சாலைகளும் கட்டும் ஹைதராபாத்தின் மேகா எஞ்சினியரிங், 966 கோடி. வாங்கிய கட்சிகளில் பாஜக மிக உயரத்தில்: 2019 ஏப்ரல் முதல் பணமாக்கியது மட்டும் 6,060 கோடி. அடுத்து திரிணாமூல் காங்கிரஸ் 1,609 கோடி, காங்கிரஸ் 1,421 கோடி, தெலங்கானாவின் பாரத் ராஷ்டிர சமிதி 1,214 கோடி. ஆட்சி எங்கே இருக்கிறதோ பணம் அங்கே போயிருக்கிறது என்பது இந்த வரிசையைப் பார்த்தாலே தெரியும். ஒரு மாநிலத்தில் மட்டும் ஆண்ட கட்சிகளுக்கு இவ்வளவு வரக் காரணம் வேறு என்ன?

தமிழ்நாட்டுக் கணக்கையும் சொல்லியாக வேண்டும். திமுக மொத்தம் 656.5 கோடி வாங்கியதாகத் தேர்தல் ஆணையத்திடம் அறிவித்தது. அதில் 509 கோடி அந்த ஒரே லாட்டரி நிறுவனம் கொடுத்தது. தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனைக்கு 2003லிருந்து தடை இருக்கிறது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே. சரி, இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கொடுத்தவர்களிடம் கேட்டு, பெயர்களோடு ஆணையத்திடம் ஒப்படைத்த மிகச் சில கட்சிகளில் திமுகவும் அதிமுகவும் இருந்தன. பாஜகவோ, யார் கொடுத்தார்கள் என்ற பதிவு எங்களிடம் இல்லை, சட்டம் கேட்கவில்லை என்றது. கேட்டால் கிடைக்கும் என்பதைத் தமிழ்நாட்டுக் கட்சிகள் செய்து காட்டிவிட்டன.

பணத்துக்கும் அரசு நடவடிக்கைக்கும் தொடர்பு உண்டா? தேதிகளை அடுக்கிப் பார்த்தவர்கள் பல உதாரணங்கள் காட்டினார்கள். டெல்லி மதுக்கொள்கை வழக்கில் ஒரு மருந்து நிறுவனத்தின் இயக்குநரை அமலாக்கத் துறை 2022 நவம்பர் 10 அன்று கைது செய்தது. ஐந்து நாள் கழித்து அந்த நிறுவனம் 5 கோடிக்குப் பத்திரம் வாங்கியது, பாஜக அதைப் பணமாக்கியது. பிறகு அந்த இயக்குநர் அப்ரூவர் ஆனார். தேதிகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாலேயே குற்றம் நிரூபணமாகிவிடாது. ரெய்டுக்கும் பத்திரத்துக்கும் உள்ள தொடர்பைச் சிறப்புக் குழு விசாரிக்க வேண்டும் என்ற மனுவை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, சாதாரண சட்ட வழிகளை நாடுங்கள் என்றது. ஆனால் இந்தக் கேள்வியை 2022லேயே கேட்க முடிந்திருக்க வேண்டும். அப்போது அந்தத் தாள் யாருடையது என்று கேட்கவே வழியில்லை.

கட்சி நிதி பணத்தின் ஒரு வாசல்தான். இன்னொரு வாசல் இன்னும் அமைதியானது. சிகரெட் பாக்கெட்டைப் பாருங்கள். 85 சதவீத இடத்தில் புற்றுநோய் படமும் எச்சரிக்கை வாசகமும் இருக்கின்றன. அந்தப் படம் அங்கே வந்து சேர்ந்த கதை இது. 2014 அக்டோபரில் சுகாதார அமைச்சகம் அறிவிக்கை வெளியிட்டது, 2015 ஏப்ரல் 1 முதல் அமல் என்று. அதற்குள் நாடாளுமன்றக் குழு ஒன்று இதை ஆராய எடுத்துக்கொண்டது. புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவும் இந்திய ஆய்வு எதுவும் இல்லை என்று குழுவின் தலைவரே சொன்னார். அந்தக் குழுவில் உட்கார்ந்திருந்த அலகாபாத் எம்.பி. ஒருவர் பெரிய பீடித் தொழிலதிபர். சங்கிலித் தொடராகப் பீடி குடித்தும் நோயில்லாமல் இருப்பவர்களைத் தன்னால் காட்ட முடியும் என்று அவர் வெளிப்படையாகப் பேசினார். அறிவிக்கை தள்ளிப்போனது. 50 சதவீதம் போதும் என்று குழு பரிந்துரைத்தது. பெரிய படம் 2016 ஏப்ரலில்தான் வந்தது, அப்புறமும் நீதிமன்றம் வரை போய்த்தான் நிலைத்தது. இடையில் ஒரு வருடம் போய்விட்டது.

இதில் யாரும் யாருக்கும் பெட்டி கொடுத்ததாக நான் சொல்லவில்லை. அதற்குத் தேவையே இல்லை. பாக்கெட்டில் படம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் மேசையில் பீடி விற்கிறவர் சட்டப்படியே உட்கார்ந்திருந்தார். பீடி சுற்றும் பெண்ணும், தொண்டைப் புற்றுநோய் வந்தவரின் வீட்டாரும் அந்த மேசைக்குப் பக்கத்தில்கூட இல்லை. செல்வாக்கு என்பது பல சமயம் இவ்வளவுதான்: பேச்சு நடக்கும்போது அறைக்குள் இருப்பது.

தொழில்துறையினர் அரசிடம் போய்ப் பேசுவது தவறே இல்லை. எந்த வரி எந்தத் தொழிலை எப்படிப் பாதிக்கும் என்று தொழில் செய்கிறவருக்குத்தான் தெரியும். தொழிற்சங்கமும் விவசாயச் சங்கமும் அதையேதான் செய்கின்றன. ஆனால் யார், எந்த அதிகாரியை, எதற்காகச் சந்தித்தார், எவ்வளவு செலவழித்தார் என்று பதிவு செய்ய இந்தியாவில் சட்டம் கிடையாது. இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பது 2012 டிசம்பரில் தெரிந்தது. சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை அனுமதித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. வால்மார்ட் நிறுவனம் தன் நாட்டுச் சட்டப்படி அமெரிக்க செனட்டில் தாக்கல் செய்யும் லாபி செலவுக் கணக்கில், இந்தியச் சந்தைக்குள் நுழைவது தொடர்பான பேச்சுகளும் இடம்பெற்றிருந்தது செய்தியானது. நாடாளுமன்றம் கொந்தளித்தது. நீதிபதி முகுல் முட்கல் விசாரித்தார், உறுதியாக எதுவும் வெளிவரவில்லை. நம் நாட்டுக் கொள்கைக்காக ஒரு நிறுவனம் செலவழித்ததை அமெரிக்க மக்களுக்காக எழுதிய படிவத்திலிருந்து நாம் தெரிந்துகொண்டோம் என்பது மட்டும் மிச்சம். லாபியை வெளிப்படையாக்கும் தனிநபர் மசோதா ஒன்று 2013ல் வந்தது. சட்டமாகவில்லை.

கட்சிகளுக்கு ஏன் இவ்வளவு பணம் தேவைப்படுகிறது? மக்களவை வேட்பாளர் பெரிய மாநிலங்களில் 95 லட்சம் வரைதான் செலவழிக்கலாம். கட்சிக்கோ வரம்பே கிடையாது. கட்சி செய்யும் செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1974ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. அதே ஆண்டிலேயே அவசரச் சட்டம் போட்டு அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கினார்கள். ஐம்பது ஆண்டுகளாக எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்த ஓட்டையை அடைக்கவில்லை. பணம் என்று வந்தால் கட்சிகளுக்குள் இருக்கும் ஒற்றுமைக்கு இன்னொரு உதாரணமும் உண்டு. பாஜகவும் காங்கிரஸும் அந்நிய நன்கொடைச் சட்டத்தை மீறியதாக 2014ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு சட்டத்தையே திருத்தினார்கள். முதலில் 2010லிருந்து, அடுத்து 1976லிருந்தே செல்லும்படி பின்தேதியிட்டுத் திருத்தினார்கள்.

பத்திரம் போன பிறகு பணம் பழைய பாதைக்குத் திரும்பியிருக்கிறது: நேரடி நன்கொடையும், 2013ல் வந்த தேர்தல் அறக்கட்டளைகளும். அறக்கட்டளைக்குப் பல நிறுவனங்கள் பணம் போடும், அது வந்ததில் 95 சதவீதத்தை அதே ஆண்டில் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். உள்ளே போட்டவர் பெயரும் தெரியும், வெளியே வாங்கிய கட்சியும் தெரியும். பத்திரத்தைவிட நூறு மடங்கு மேல். ஆனால் பத்து நிறுவனங்கள் போட்டு நான்கு கட்சிகள் எடுத்தால், எந்த நிறுவனத்தின் பணம் எந்தக் கட்சிக்கு என்பது குழம்பிவிடுகிறது. 20,000 ரூபாய்க்குக் கீழே வரும் தொகைக்குப் பெயரே சொல்ல வேண்டியதில்லை. நன்கொடை அறிக்கைகளும் நிதியாண்டு முடிந்து பல மாதம் கழித்துத்தான் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் ஏறுகின்றன. அதற்குள் தேர்தல் முடிந்து, ஆட்சி அமைந்து, முதல் பட்ஜெட்கூட வந்துவிடும்.

2024ல் அந்தப் பட்டியல் மார்ச் 14, மார்ச் 21 என்று இரண்டு தவணையாக வெளியானது. தமிழ்நாடு ஏப்ரல் 19 அன்று ஓட்டுப் போட்டது. யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்ற பட்டியலை நான்கு வாரம் கையில் வைத்துக்கொண்டு வாக்குச் சாவடிக்குப் போனோம், அதுவும் நீதிமன்றம் தேதி குறித்துக் கேட்டதால். நன்கொடை வந்த வாரத்திலேயே பெயரை வெளியிட வேண்டும் என்று ஒரு வரி சட்டத்தில் இருந்தால், ஒவ்வொரு தேர்தலுக்கும் அப்படிப் போகலாம். அந்த வரியை எழுத வேண்டியவர்கள், பணத்தை வாங்குகிற கட்சிகளின் உறுப்பினர்கள்.